இலை மக்காத மண்

அன்பு மகன் குணாவுக்கு,

நேற்று தேவி போனில் அழுதாள். "அத்தை, நான் ஏதாச்சும் தப்பா பேசிட்டேனா? ஏன் நம்ம வீட்டுப் பக்கமே வர மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டாள். முழங்கால் வலி என்றேன். அதற்கு முந்தின வாரம் உன்னிடம் பஸ் சரியாக வருவதில்லை என்றேன். அதற்கும் முன்னால் கோயிலில் வேலை என்றேன். மூன்றும் பொய். வயிற்றில் உன் ஆறு மாதப் பிள்ளையோடு இருக்கிற பெண்ணை அழவைத்துவிட்டு, அடுத்த பொய்யை யோசித்துக்கொண்டிருக்க எனக்கே அசிங்கமாக இருந்தது. அதனால் எழுத உட்கார்ந்தேன். நேரில் சொன்னால் உன் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிடுவேன். இரண்டு மாதமாக நீ இங்கே வந்தபோதெல்லாம் அப்படித்தான் நிறுத்திக்கொண்டிருக்கிறேன். இதைப் படித்த பிறகு நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். உன் முதலாளியிடம் காட்டினாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் காட்டினாலும் சரி.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டு மண்ணைக் கெடுத்தவர்களில் நானும் ஒருத்தி. உன் தாமான் வீடுகள் நிற்கிற இடத்தில் செம்பனைத் தோட்டம் இருந்தபோது இருபது வருடத்துக்கு மேல் நான் களை மருந்து அடித்தேன். மருந்து நிரப்பின தோம்பை முதுகில் மாட்டிக்கொண்டு செம்பனை மரத்தடியைச் சுற்றி வட்டமாக அடித்துக்கொண்டே போவேன். மறுவாரம் பார்த்தால் வட்டத்துக்குள் ஒரு புல் இருக்காது. "உன் வட்டத்துல உக்காந்து சோறு சாப்பிடலாம்மா" என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் சொல்வார். அதில் எனக்கு அவ்வளவு பெருமை. வேலை முடிந்ததும் தோம்பை நாம் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஓடும் சின்னக் கால்வாயில் கழுவி ஊற்றுவேன். அப்போது நீ தவழுகிற பிள்ளை. லயத்துப் பின்பக்கம் மண்ணை அள்ளித் தின்பாய். வாயைத் திறக்கச் சொன்னால் மழை பெய்த வாசம் வரும். நான் உன்னை அடிப்பேன். உன் அப்பா டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து, "விடு, எல்லாப் பிள்ளையும் தின்னதுதானே" என்பார். நான் எதைக் கழுவி எங்கே ஊற்றுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கால்வாயில் தவளைகள் குறைந்ததையும் பார்த்தேன். பார்த்தும் கழுவிக்கொண்டுதான் இருந்தேன். உனக்கு ஒன்றும் ஆகவில்லை, சாமி புண்ணியம். ஆனால் கண்ணால் பார்த்ததைப் பார்க்காத மாதிரி இருந்துவிடும் பழக்கம் அன்றைக்கே எனக்கு வந்துவிட்டது.

தோட்டம் கைமாறி, நாம் பத்தாங் பெர்ஜுந்தாய் அடுக்குமாடிக்கு வந்தது, உன் அப்பா போனது, நீ படித்து முடித்து அதே நிலத்தில் வீடு கட்டும் கம்பெனியில் சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்தது எல்லாம் உனக்குத் தெரியும். தலையில் மஞ்சள் தொப்பியோடு நீ நிற்கிற படத்தைச் சாமி அறையில் வைத்திருக்கிறேன். அந்த வருடம்தான் டாக்டர் வந்தார். நீ தூரத்திலிருந்து பார்த்திருப்பாய். பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர், யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம், நாற்பத்தைந்து வயது இருக்கும். தோட்டத்தின் எல்லை தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்று அவர் கேட்க, கோயில் தலைவர் என்னைக் கைகாட்டினார். வேலை லேசானது. உள்ளங்கை அளவு வெள்ளைப் பருத்தித் துணிகள், ஓரம் நைலான் நூலால் தைத்தவை. அவற்றை மூன்று இடங்களில், இடத்துக்கு ஆறாகப் புதைக்க வேண்டும். ஆற்றோரத்தில் யாரும் வெட்டாமல் விட்ட பெரிய மரங்கள் நிற்கிற மூலை ஓர் இடம். பழைய செம்பனைக் காடு இன்னோர் இடம். நீங்கள் தட்டையாக்கி வைத்திருந்த வீட்டு நிலம் மூன்றாவது. இரண்டு மாதம் கழித்துத் தோண்டி எடுத்து, இடத்துக்கு மூன்றாகப் பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். நாயோ பன்றியோ கிளறிவிட்டால் என்று மீதி மூன்று. கூடவே ஒவ்வோர் இடத்திலும் ஒரு பை மண்.

"எதுக்கு டாக்டர் துணி?" என்று கேட்டேன்.

"அது மண்ணுக்குள்ள இருக்கிறதுகளுக்குச் சாப்பாடு, அம்மா" என்றார். "நல்ல மண் ஒரு கைப்பிடிக்குள்ள எண்ண முடியாத அளவு உயிர் இருக்குது, கண்ணுக்குத் தெரியாது. இலையை மக்க வைக்கிறது ஒண்டு, வேருக்குத் தீனி குடுக்கிறது ஒண்டு, எவ்வளவோ வகை. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துப்போட்டு, மலையை வெட்டின மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, ரோலர் விட்டு இறுக்கினா அதுகளில எது மிஞ்சுது எண்டு பாக்கத்தான் வந்திருக்கிறன். துணி கிழிஞ்சா உள்ளுக்கு ஆள் இருக்குதெண்டு அர்த்தம்."

துணியைத் தோண்டும் நாள் டாக்டருக்கு வகுப்பு இருந்ததால் நான் தனியாகப் போனேன். காலையில் ஆற்றோர மூலை. மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. துணி என்று ஒன்றுமே இல்லை. நைலான் நூல் மட்டும் சதுரமாக, காலியாக, கையில் வந்தது. மண்ணுக்குள் கைவிட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. விரல்மேல் ஏதேதோ ஊர்ந்தது. செம்பனைக் காட்டில் துணி ஓட்டை ஓட்டையாக, பாதி கிழிந்து வந்தது. நான் அத்தனை வருடம் மருந்தடித்த இடம்; அங்கேயும் ஏதோ பிழைத்திருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

உச்சி வெயில் நேரத்தில் உங்கள் நிலத்துக்கு வந்தேன். அன்றைக்கு ஏதோ காரணத்தால் இயந்திரங்கள் ஓடவில்லை. கண்ணுக்கு எட்டின வரை சிவப்புத் தரை, சலவைப் பெட்டி போட்டுத் தேய்த்தது மாதிரி. கடப்பாரையால் குத்திக் குத்தித்தான் தோண்டினேன். முதல் துணி வந்தது. சிவப்புக் கறை படிந்திருந்தது, அவ்வளவுதான். உதறினேன். ஓர் இழை போகவில்லை. மடிப்புக்கூட நான் வைத்த மடிப்பு. இரண்டாவதும் அப்படியே. ஆறும் அப்படியே. ஏதோ கடையில் இருந்து இப்போதுதான் வாங்கி வந்த மாதிரி ஆறு துணிகளைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பசித்தது. சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அது சரிந்து ஒரு பிடி சோறு கீழே சிந்தியது. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்தேன், குழிகளை மூடினேன், சாமான்களைக் கட்டினேன், ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சிந்தின சோறு சிந்தினபடியே கிடந்தது. ஓர் எறும்பு வரவில்லை. காட்டில், தோட்டத்தில், சுடுகாட்டில்கூட நான் தனியாக இருந்திருக்கிறேன், குணா. அங்கெல்லாம் தனியாக இருக்கிறோம் என்று தோன்றியதே இல்லை. அந்தச் சிவப்புத் தரையில், பட்டப்பகலில், முதல் தடவையாக நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று உடம்பு முழுக்க உணர்ந்தேன். கத்தினால் என் குரல்கூடத் திரும்பி வராது என்று பட்டது. எழுந்து ஓட்டமும் நடையுமாக ரோட்டுக்கு வந்தேன்.

ரோட்டில் நின்றபோதுதான் மேல்மண் மேடு இருந்த இடத்தைப் பார்த்தேன். சுரண்டி எடுத்த கறுப்பு மண்ணைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்து, பிறகு வீட்டுத் தோட்டங்களில் திருப்பிப் போட வேண்டும் என்பது கம்பெனி ஒத்துக்கொண்ட நிபந்தனை என்று நீதான் எனக்குச் சொன்னாய். அந்த மேட்டைப் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு என்றும் சொன்னாய். மேடு இல்லை. அதற்கு முந்தின மாதம் லோரிகள் வரிசையாக வந்து போனதை நான் கேட்டபோது, "அது வேற சைட்டுக்குப் போகுதும்மா, பாஸ் சொன்னது. நீங்க யார்கிட்டயும் பேசாதீங்கலா" என்றாய். டாக்டரின் அறிக்கை எதற்கு என்பதும் எனக்குத் தெரியும். மண் உயிரோடு இருக்கிறது என்று அது சொன்னால்தான் கம்பெனிக்கு அடுத்த கட்ட வீடுகளுக்கு அனுமதி. இல்லாவிட்டால் மேடு எங்கே என்று கேட்பார்கள். உன்னைத்தான் கேட்பார்கள்.

நான் திரும்பிச் செம்பனைக் காட்டுக்குப் போனேன். மிச்சமிருந்த மூன்று கிழிசல் துணிகளையும் எடுத்தேன். அவற்றை உங்கள் நிலத்தின் எண் எழுதிய பையில் போட்டேன். மண் பையையும் அங்கேயே நிரப்பினேன். உங்கள் நிலத்துத் துணி ஆறையும் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் எரித்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. உனக்கு இன்றுவரை தெரியாது. டாக்டர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நான் இவ்வளவு எதிர்பாக்கேல்லை" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு வீடுகள் எழும்பின. நீயும் ஒன்று வாங்கினாய். புதுமனை புகுந்த அன்றைக்கு எல்லாரும் சாப்பிட்ட வாழையிலைகளைப் போட இடமில்லை. குப்பை லோரி அந்தத் தாமானுக்கு இன்னும் வர ஆரம்பிக்கவில்லை. உன் ஆட்களிடம் சொல்லிப் பின்பக்கம் ஒரு குழி தோண்டவைத்து எல்லா இலைகளையும் நானே போட்டு மூடினேன். செடிக்கு உரமாகும் என்று தேவியிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அந்த மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததை அந்த நேரத்தில் நானே மறந்துபோனேன். மறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் மனிதருக்கு அது முடிகிறது.

தேவி செடி வைத்துக்கொண்டே இருந்தாள். தொட்டியில் வைத்ததெல்லாம் தழைத்தது. தரையில் வைத்தது எதுவும் வரவில்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு செம்பருத்திக் குச்சியைக் காட்டினாள். "சாகவும் இல்ல அத்தை, துளிரவும் இல்ல. வச்ச மாதிரியே நிக்குது பாருங்க. எனக்கு இதப் பாத்தா ஒரு மாதிரி இருக்கு." பிடுங்கிப் பார்த்தேன். ஒரு வேர் விடவில்லை. வெட்டின இடம் வெட்டினபடி இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பெரிய மழை. மழை விட்டதும் நான் வாசலில் நின்றேன். மண் வாசம் இல்லை. ஒரு தவளை கத்தவில்லை. இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே சிவப்புத் தண்ணீர் அசையாமல் நின்றது. ஏர்கோன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் நீ வேலைக்குப் போன பிறகு, பத்து மணி வெயிலில், கறிவேப்பிலைக் கன்று வைக்கலாம் என்று அந்தக் குழி இருந்த இடத்தைத் தோண்டினேன். இலை போட்டு எட்டு மாதம் ஆகிவிட்டது, அங்கேயாவது மண் இளகியிருக்கும் என்று நினைத்தேன். கடப்பாரை இரண்டு சாண் இறங்கியதும் மெத்தென்று எதிலோ பட்டது. கையால் மண்ணை விலக்கினேன். இலைகள். மேலே இருந்தவை பழுப்பாக இருந்தன, அடியில் இருந்தவை இன்னும் பச்சைச் சாயல். ஒவ்வொன்றும் மடித்தது மடித்தபடி. அழுகல் நாற்றம்கூட இல்லை, இரும்பைத் தொட்ட கையின் வாசம் மட்டும். ஒன்றைப் பிரித்தேன். மஞ்சள் கறை, ஓரத்தில் சோற்றுப் பருக்கைகள். இன்னொன்று மூன்றாக மடித்திருந்தது. நம் குடும்பங்களில் இலையை மூன்றாக மடிக்கிறவர் ஒருத்தர்தான். பிரித்தேன். முருங்கைக்காய்ச் சக்கைகள் விறகு அடுக்கியது மாதிரி ஒரு மூலையில் அடுக்கியிருந்தன. தேவியின் அப்பா சாப்பிட்ட இலை. அவரை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் மென்று துப்பினது என் கையில் இருந்தது, நேற்றைக்குச் சாப்பிட்டு எழுந்த மாதிரி.

உள்ளேயிருந்து தேவி, "என்ன அத்தை, தோண்டிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வரும் சத்தம். நான் மண்ணை இழுத்துத் தள்ளி மூடினேன். "தண்ணி பைப் போகுதும்மா இங்க. தோண்டாத" என்றேன். அன்றைக்கு மத்தியானமே கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு நான் வரவில்லை. உன் பிள்ளை தவழப்போகிற தரையில், நான் மூடிவைத்தது எதுவும் கரையாமல் அப்படியே கிடக்கிறது என்ற நினைப்போடு அந்த வீட்டில் என்னால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது.

போன திங்கட்கிழமை பஸ் மாறி மாறி டாக்டரைப் பார்க்கப் போனேன். அவர் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார். திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து, "எந்தத் துணி எந்த இடத்துத் துணி? ஒண்டொண்டாச் சொல்லுங்கோ" என்றார். எழுதி முடித்தபின் பேனாவை மூடிவைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த அறிக்கையில இருக்கிறது என்ட கையெழுத்து, அம்மா. அதைக் காட்டித்தான் அடுத்த கட்டத்துக்கு அனுமதி வாங்கியிருக்கினம். அடுத்த கட்டம் எது தெரியுமோ? அந்த ஆற்றோர மூலை. வாற மாசம் மரம் வெட்டத் தொடங்குறாங்கள்."

எனக்கு அது தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும்.

"திரும்பச் சரி பண்ண முடியாதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"முடியும். இறுகினதை உடைக்கோணும், இலை தழை போடோணும், உயிருள்ள மண்ணைக் கொண்டுவந்து கலக்கோணும், வருசக் கணக்காக் காத்திருக்கோணும். ஆனா கொண்டுவாற மண் எங்கயாவது மிஞ்சியிருந்தாத்தானே? இந்தப் பக்கத்தில அந்த மூலைதான் மிச்சம்." பிறகு, "வீட்டில இருக்கிறதால பிள்ளைத்தாச்சிக்கு ஒண்டும் ஆகாது, அதுக்குப் பயப்படாதீங்கோ" என்றார். நான் கேட்காததற்கு அவரே பதில் சொன்னார். அப்போதுதான் அழுதேன்.

நடந்ததை அவர் தமிழிலும் மலாயிலும் எழுதினார். வாசித்துக் காட்டினார். "இதில நீங்கள் கையெழுத்து வைச்சா நான் கம்பெனிக்கும் அனுமதி குடுத்த ஆபீசுக்கும் அனுப்புவன். மேல்மண் எங்க போச்சுதெண்டு கேப்பினம். உங்கட மகனுக்கு வேலை போகலாம். யோசிச்சுச் சொல்லுங்கோ, ரெண்டு நாள் எடுங்கோ" என்றார்.

இரண்டு நாள் எடுத்தால் நான் உன்னிடம் வந்திருப்பேன். நீ, "அம்மா, வேண்டாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாய். நான் வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். அதனால் அங்கேயே கையெழுத்து வைத்தேன்.

உன்னைக் கேட்காமல் செய்ததற்கு என்னை நீ மன்னிக்க வேண்டும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துச் செய்த காரியம்தான் உன்னைச் செத்த நிலத்தில் கடன்பட்டு வீடு வாங்கிக் குடியிருக்க வைத்திருக்கிறது. அந்த மேட்டு மண் போனதில் உன் பங்கு என்ன, பாஸ் சொன்னதைக் கேட்டது மட்டும்தானா, அதற்கு மேலும் ஏதாவது உண்டா என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. உன்னைப் பெற்றவள் என்கிற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதே. லோரிகள் எந்த நாட்களில் வந்தன, யார் அனுப்பினார்கள் என்று உனக்குத் தெரிந்ததை நீயே முதலில் போய்ச் சொல். கேட்டபின் சொல்கிறவனுக்கும் கேட்காமல் சொல்கிறவனுக்கும் ஊரில் வேறு வேறு பெயர். வேலை போனால் போகட்டும். நீ கெட்டிக்காரன், கோலா சிலாங்கூரிலிருந்து கோலா குபு பாரு வரைக்கும் கட்டுமானம் நடக்காத இடம் இல்லை. தேவியிடம் நீயே சொல். அவள் அப்பாவின் இலையைப் பற்றி மட்டும் சொல்லாதே. அதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

நான் கையெழுத்து வைத்த தாள் இரண்டு இடத்துக்கும் நேற்றே போய்விட்டது. கம்பெனி மறுக்கும் என்று டாக்டருக்குத் தெரியும். அதனால் சாட்சியோடு திரும்பத் தோண்டிப் பார்க்கப்போகிறார். தனியார் வீட்டுக்குள் தோண்ட வீட்டுக்காரர் சம்மதம் வேண்டுமாம். எந்த வீட்டில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். உன் வீட்டு நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவார். நானும் கூட வருவேன், கடப்பாரை நான் கொண்டுவருகிறேன். என்னோடு பேச உனக்கு மனம் வராவிட்டால் பேச வேண்டாம். கேட்டை மட்டும் நீயே வந்து திற.

உன் அம்மா